நாரி நோவுக்குக் காசை எதில் போடலாம்: கதிரையா, பெல்ட்டா, நடையா?

"அக்கா, இந்தமுறை போனஸ் வந்தா நல்ல கதிரை ஒண்டு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். இல்லாட்டி அந்த முதுகுப் பெல்ட்டை வாங்கிப் போட்டுப் பாக்கட்டோ?" தங்கச்சி முறையான ஒருத்தி இப்படிக் கேட்டாள். வெள்ளவத்தையில் பிளட் ஒன்றில் இருக்கிறாள். கிழமையில் பாதி நாள் கோட்டையில் ஒபிஸ், மீதி நாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லப்டொப். பின்னேரம் நாலு மணிக்கே நாரி, அதாவது கீழ்முதுகு, உளையத் தொடங்கிவிடுமாம். கொழும்பில் மேசை வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான் வரும். உலகக் கணக்கும் சின்னதில்லை. 2020இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்றும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். "நிமிர்ந்து இரு, கூனாதே" என்று கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அதனால் முதுகுவலி என்றதும் கூன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இப்படி இருந்தால் வலி வராது என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு சரியான இருப்பு இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு ஒரு வேலை செய்தது. தானாக முன்வந்த ஒருவரின் கீழ்முதுகில், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு ஒன்றுக்குள் சிறிய அழுத்தமானியை வைத்து, அவர் நிற்க, இருக்க, படுக்க, பாரம் தூக்க அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். சாயாமல் இருந்தபோது 0.46. கதிரையில் நன்றாகச் சாய்ந்து, பெரியவர்கள் கண்டால் ஏசுகிற மாதிரி இருந்தபோது ஏறக்குறைய 0.3. இருந்தபடியே முன்னால் நன்றாகக் குனிந்தபோது 0.83. ஒரே ஒரு மனிதரில் எடுத்த அளவு இது, அழுத்தம் கூடினால் வலி வரும் என்பதும் இதன் பொருள் அல்ல. ஆனாலும் ஒரு திசையைக் காட்டுகிறது. சாய்ந்து இருப்பது பாவம் ஒன்றுமில்லை. தாழ்வான திரையைப் பார்க்க முன்னால் குனிந்து, அப்படியே ரெண்டு மணித்தியாலம் உறைந்து இருப்பதுதான் பாரம். எனவே எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் கேட்பது ரெண்டே கேள்விதான். இது என்னை முன்னால் குனியாமல் வைத்திருக்குமா? அடிக்கடி அசைய விடுமா?

பெல்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாங்க வேண்டாம்.

2016இல் முதுகுவலித் தடுப்பு பற்றிய 21 பரிசோதனைகளை, 30,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய மீளாய்வு வந்தது. உடற்பயிற்சியும் அதோடு விளக்கமும் கொடுத்தால் வலி வரும் அபாயம் 45 சதவீதமளவில் குறைந்தது. உடற்பயிற்சி மட்டும் என்றால் 35 சதவீதமளவில். பெல்ட்டும் சப்பாத்துக்குள் வைக்கும் அட்டையும் தடுத்ததாகத் தெரியவில்லை. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பெல்ட் வகையறாவைப் பரிந்துரைக்கவில்லை. தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் வார்களைப் பற்றி என் அபிப்பிராயமும் அதுவே. கொழும்பு வேர்வையில் சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்று பார்த்தால் மிச்சம் விளங்கிவிடும். சத்திரசிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ வைத்தியர் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்.

கதிரையும் மேசையும்

எல்லோரும் கதிரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மேசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிழை பெரும்பாலும் மேசையில் இருக்கிறது.

சாதாரண மேசையின் உயரம் 75 சென்டிமீற்றர் அளவில் வரும். ஐந்தடி உயரமான ஒரு பெண் பாதம் தரையில் படும்படி இருந்தால், முழங்கை தரையிலிருந்து 60 முதல் 65 சென்டிமீற்றரில்தான் நிற்கும். அதாவது மேசை ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாணாவது உயரம். கைகளை அதன்மேல் வைத்துத் தட்டச்சு செய்தால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். கதிரையை உயர்த்தினால் தோள் இறங்கும், ஆனால் கால் அந்தரத்தில் தொங்கும். கால் தொங்கினால் ஆள் இருக்கையின் நுனிக்கு வழுக்கி வருவார். அப்போது முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். பெரிய விலை கொடுத்த கதிரையின் சாய்மானம் சும்மா அலங்காரத்துக்கு நிற்கும். இந்தக் கதையில் பணம் எங்கே போனது என்று பாருங்கள்.

தங்கச்சியின் வீட்டு மேசையைப் போய்ப் பார்த்தபோதும் இதேதான் நிலைமை. கதிரையில் ஒரு தலையணை மடித்துப் போட்டோம். காலுக்குக் கீழே, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த, குசினியில் இருந்து தேங்காய் துருவும்போது கால் வைக்கிற பலகை. லப்டொப்பின் கீழ் ஏ4 தாள் கட்டு இரண்டு. 500 தாள் உள்ள கட்டு ஒன்று ஏறக்குறைய 5 சென்டிமீற்றர் கனம், எனவே திரை 10 சென்டிமீற்றர் உயர்ந்தது. அது போதவில்லை. அவளுக்கு மூன்றாவது கட்டும் தேவைப்பட்டது. திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்துக்கு வந்தால் சரி. இவ்வளவு உயர்த்திய பிறகு அதே லப்டொப்பின் விசைகளில் தட்ட முடியாது என்பதால், தனிக் கீபோர்ட்டும் மௌஸும் கட்டாயம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்று சுற்றினால் ஆடம்பரமில்லாத சோடி ஒன்று கிடைக்கும். நாரிக்குப் பின்னால் ஒரு துவாயைச் சுருட்டி வைத்தோம். முழுச் செலவும் கீபோர்ட்டும் மௌஸும்தான்.

அப்படியென்றால் நல்ல கதிரை வேண்டாமா? வேண்டும், ஆனால் யாருக்கு என்பது முக்கியம். ஒரு நாளில் ஆறு ஏழு மணித்தியாலம் வீட்டிலேயே இருந்து வேலை செய்பவருக்குப் பிளாஸ்டிக் கதிரை தண்டனைதான். அவர் வாங்கட்டும். கிழமைக்கு ரெண்டு நாள் மட்டும் வீட்டில் இருப்பவர் அந்தக் காசை வேறெங்காவது போடலாம். நல்ல கதிரை சௌகரியம் தரும். கதிரையை மட்டும் மாற்றிவிட்டு முதுகுவலியைத் தடுத்துவிட்டோம் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். கடையில் முதலில் கண்ணில் படுவது முதலாளிமார் இருக்கிற மாதிரியான பெரிய கறுப்புத் தோல் கதிரை. ஏசி இல்லாத அறையில் அந்தத் தோல் முதுகோடு ஒட்டும். ஆள் சின்னவர் என்றால் இருக்கையின் ஆழம் கூடி, முழங்காலின் பின்பக்கம் விளிம்பில் இடிக்கும். முதுகை முழுக்கச் சாய்த்து இருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் ரெண்டு மூன்று விரல் போக இடம் இருக்க வேண்டும். வலை முதுகுள்ளது நம் காலநிலைக்குத் தோது. கைப்பிடி மேசைக்கு அடியில் போகுமா என்று வீட்டு மேசையை அளந்துகொண்டு போங்கள். போகாவிட்டால் கதிரை மேசையிலிருந்து தள்ளியே நிற்கும், பிறகு முன்னால் குனிய வேண்டியதுதான். வீட்டில் செருப்பில்லாமல் இருப்பவர் கடையிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு கால் மணித்தியாலமாவது இருந்து பார்க்க வேண்டும். விற்பனையாளர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். உயர்த்தி இறக்கும் உருளை பழுதானால் மாற்றுத் துண்டு கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஒபிஸ்கள் மூடும்போது, இடம் மாறும்போது விற்கப்படும் பாவித்த கதிரைகளில் புதிய மலிவுக் கதிரையைவிட உறுதியானவை கிடைப்பதுண்டு.

மொறட்டுவைப் பக்கம் தச்சரைத் தெரிந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. மேசைக் காலை வெட்டிக் குறைப்பது. உங்கள் உயரத்துக்கு அளந்து செய்த மரமேசை, இறக்குமதிக் கதிரை செய்யாததைச் செய்யும்.

நின்று வேலை செய்யும் மேசை

பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் மேசை இப்போது இங்கும் கிடைக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018 மீளாய்வுப்படி, இப்படியான மேசை கொடுத்தால் ஊழியர்கள் இருக்கும் நேரம் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 100 நிமிடமளவில் குறைகிறது. ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிற்பதும் ஒரு மருந்து அல்ல. புறக்கோட்டையில் புடவைக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பிள்ளைகளைக் கேட்டால் காலும் நாரியும் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். இருப்பதையும் நிற்பதையும் மாறி மாறிச் செய்வதுதான் பயன். அதற்கு மோட்டார் தேவையில்லை. தொலைபேசி அழைப்பு வந்தால் எழும்பி நின்று பேசுவது, வாசிக்க வேண்டிய நீண்ட மின்னஞ்சலை உயரமான அலுமாரித் தட்டில் வைத்து நின்று வாசிப்பது போதும். ஒபிஸே வாங்கித் தந்தால் மறுக்காதீர்கள். சொந்தக் காசில் வாங்க நான் சொல்ல மாட்டேன்.

மேசைக்கு வெளியே

மேசையை மட்டும் சரிசெய்துவிட்டு மிச்ச நாளை மறப்பது வழக்கம். சமையல் வாயு சிலிண்டரை எடுங்கள். பெரிய சிலிண்டரில் வாயு மட்டும் 12.5 கிலோ. இரும்பும் சேர்ந்தால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. லிப்ட் வேலை செய்யாத நாளில் அதை மூன்றாம் மாடிக்குத் தூக்குகிறவர் கதிரையால்தான் நாரி நோகிறது என்றால் என்ன சொல்வது. மேலே சொன்ன அதே அளவீட்டில், 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது அழுத்தம் 2.3 மெகாபாஸ்கல், முழங்காலை மடித்துத் தூக்கியபோது 1.7. தூக்கிய பிறகு உடம்போடு அணைத்து வைத்திருந்தபோது 1.1. உடம்பிலிருந்து 60 சென்டிமீற்றர் தள்ளிப் பிடித்தபோது 1.8. ஆக, அணைத்துப் பிடிப்பது புத்தி. இரண்டு பேர் பிடிப்பது இன்னும் புத்தி. சும்மா 'இப்படித் தூக்கு' என்று வகுப்பெடுப்பதால் மட்டும் வலி குறைவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

பஸ்ஸில் லப்டொப் பையை ஒற்றைத் தோளில் தொங்கவிட்டு, காலி வீதியில் பிறேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதோடு சேர்ந்து திரும்புவதைவிட, ரெண்டு வாருள்ள பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்வது மேல். பொக்கற் அடிக்கிறவனுக்கும் அது இடைஞ்சல்.

நடை

நான் காசைவிட நேரத்தைப் போடச் சொல்வது இதில்தான்.

2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் அவுஸ்திரேலியப் பரிசோதனை 701 பேரை எடுத்தது. எல்லோரும் அண்மையில் கீழ்முதுகு வலி வந்து தேறியவர்கள். பாதிப் பேருக்கு இயன்மருத்துவர் (பிசியோ) ஒருவரின் துணையோடு மெல்ல மெல்லக் கூட்டும் நடைத் திட்டமும் விளக்கமும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் என்ற அளவை எட்டுவது இலக்கு. மற்றப் பாதிக்கு ஒன்றும் இல்லை. வேலையைக் கெடுக்கிற அளவு வலி திரும்ப வருவதற்கு, நடந்தவர்களில் இடைநிலையாக (பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்டது என்று பொருள்) 208 நாளும் நடக்காதவர்களில் 112 நாளும் எடுத்தது. வலி திரும்பவே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடையில் விற்கும் எந்தச் சாமானுக்கும் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

கொழும்பில் எங்கே நடப்பது என்பது நியாயமான கேள்வி. வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் வாசலிலேயே இருக்கிறது. கடற்காற்று, ஒரு பக்கம் தண்டவாளம், பம்பலப்பிட்டி தாண்டிக் கொள்ளுப்பிட்டி வரை நேர்ப்பாதை. குறையும் உண்டு. நடைபாதை சில இடங்களில் உடைந்திருக்கும், வாகனங்கள் பறக்கும், இருட்டிய பிறகு தனியாகப் போகப் பெண்களுக்கு மனம் வராது. சுதந்திர சதுக்கம் விடியற்காலையிலும் பின்னேரத்திலும் நடக்கிறவர்களால் நிறைந்திருக்கும், நிலமும் சமம், ஆள்நடமாட்டமும் உண்டு. ஆனால் அங்கே போய்ச்சேர ஒரு பஸ் தேவை. விகாரமகாதேவி பூங்காவில் நிழல் அதிகம். காலிமுகத்திடல் நடக்க இடமா இறால்வடை தின்ன இடமா என்பதை அவரவர் மனவுறுதி தீர்மானிக்கும். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழைக்கு எதுவும் தாங்காது, அந்த மாதங்களில் காலை நடைதான்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்கள் ஒபிஸ் பயணத்திலேயே திருடிக்கொள்ளலாம். ரெண்டு ஹோல்ட் முன்னால் இறங்குவது. ரயிலில் போகிறவர் வெள்ளவத்தைக்குப் பதிலாகப் பம்பலப்பிட்டியில் இறங்கி மிச்சத்தை நடப்பது. ஒபிஸுக்குள் தேத்தண்ணீர் மேசைக்கே வருகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே எழும்பிப் போய் எடுங்கள். பெரிய போத்தலுக்குப் பதிலாகச் சின்னக் கிளாஸில் தண்ணீர் வைத்தால் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்ப ஒரு சாட்டு கிடைக்கும்.

யோகா வகுப்பா, ஜிம்மா, நீச்சலா என்று கேட்டால், எது உங்கள் வீட்டுக்குக் கிட்டவோ அது. ஒன்றைவிட மற்றது முதுகுக்குப் பெரிதாக உயர்ந்தது என்று வாதிட வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்தும் போவீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாரியும் வயிறும் பிட்டமும் பலப்பட ஏதாவது கிழமைக்கு ரெண்டு தடவை செய்தால் நடைக்கு நல்ல துணை.

தங்கச்சிக்கு நான் சொன்ன வரிசை இது: தாள் கட்டும் பலகையும் கீபோர்ட்டும் இந்தக் கிழமையே. நடை மூன்று மாதம். அதற்குப் பிறகும் வீட்டு வேலை நாட்கள் கூடினால் கதிரை. போனஸ் அதுவரை வங்கியில் இருக்கட்டும். "அதுக்குள்ள செலவழிஞ்சிடும் அக்கா" என்றாள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மெத்தை

பலகையில் படுத்தால் முதுகு நேராகும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 2003இல் ஸ்பெயினில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 313 பேருக்குக் கடினமான மெத்தையும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்துப் பார்த்ததில், நடுத்தர மெத்தைக்காரர்களே கூடுதலாகத் தேறினார்கள். உங்கள் தும்பு மெத்தை நடுவில் குழிந்து, கட்டி கட்டியாகிவிட்டது என்றால் மாற்றுங்கள். நல்ல நிலையில் இருந்தால் முதுகுக்காக மாற்றத் தேவையில்லை.

வைத்தியர், ஸ்கேன், பிசியோ

வலி தொடங்கி ரெண்டாம் நாளே பெரிய வைத்தியரை சனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து), எம்.ஆர்.ஐ. எடுத்து, 'தட்டு விலகியிருக்கு' என்ற ஒரு வரியைப் படித்துப் பயந்துபோகிறவர்கள் நம்மில் அதிகம். 2015இல் வந்த ஒரு மீளாய்வின்படி, வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 80 சதவீதமானோருக்கும், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதமானோருக்கும் ஸ்கேனில் முதுகுத்தட்டுத் தேய்வு தெரிகிறது. நரை மாதிரித்தான் இதுவும். வைத்தியர் கேட்டால் எடுங்கள், நீங்களாகக் கேட்டு எடுக்க வேண்டாம்.

வலி அடிக்கடி திரும்புகிறது, அல்லது ஆறு கிழமையாகியும் விடவில்லை என்றால், கதிரைக்கு ஒதுக்கிய காசைப் பிசியோதெரபிக்குத் திருப்பிவிடுவதே என் தெரிவு. அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. காத்திருக்க வேண்டும், ஒபிஸில் அரை நாள் லீவு போடவும் வேண்டும். தனியாரிடம் போனால் நேரம் மிச்சம், காசு செலவு. யாரிடம் போனாலும் பதிவுபெற்றவரா என்று கேட்டுவிடுங்கள். கட்டிலில் படுக்கவைத்துக் கருவியை மட்டும் பூட்டிவிட்டு அனுப்புகிற இடத்தைவிட, உங்களை அசையவைத்து, வீட்டில் செய்யப் பயிற்சி எழுதித் தரும் இடம் நல்லது. அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், இழுவை ஆகியவற்றை நாட்பட்ட வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2023 வழிகாட்டியும் சொல்கிறது. எண்ணெய் பூசி உருவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரவு நித்திரை வந்தால் அதுவே லாபம். அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள்.

சில வலிகளுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த முதுகுவலி என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால் சட்டென்று பலமிழந்தாலோ விடியும்வரைகூட இருக்கக் கூடாது. நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது, மணித்தியாலக் கணக்கில் சிகிச்சை தேவைப்படும். அந்த நேரம் சனல் பண்ணுவதில் மினக்கெடாமல் தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவிலவுக்கோ நேராகப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.